ஈரத்துணிக்குள் மிளகாய் விதை

தொக்சுவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாயைத் திறக்காமலே ஏமாற்றினார். அதுவும் யாரை, கட்டிய மனைவியை.

மலையடிவாரத்து மிளகாய் நிலம் அவர்களுடையதல்ல. சியோலில் இருக்கும் ஒருவரிடம் கல்யாணமான நாளிலிருந்து குத்தகைக்கு வாங்கி உழுதது. புத்தாண்டு முடிந்த கையோடு அந்த ஆள் போனில் கூப்பிட்டார். சூரியத் தகடு பதிக்கிறவர்களுக்கு நிலத்தை விற்றாயிற்று, இந்த வசந்தத்தில் இறங்க வேண்டாம் என்றார். தொக்சு "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் மனைவி காப்சுன் அடுப்படியில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நோய் விழுந்து நிலம் முழுக்க மிளகாய் அழுகிக் கொட்டியபோது, ஓரத்தில் ஒரே ஒரு செடி மட்டும் திடமாக நின்றது. அதன் விதை.

"இது மட்டும் முளைச்சுட்டா போன வருஷத்துக் கஷ்டமெல்லாம் தூசுங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

விதையை ஈரத்துணியில் முடிந்து, தரைக்கடியில் ஓடும் கணப்புச் சூடு நன்றாக ஏறும் மூலையில் மெத்தைக்கடியில் வைத்தாள். அது தொக்சு உட்காரும் இடம். அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள்.

முளைக்காமல் போனால், இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று அவளே சொல்லிவிடுவாள். தொக்சுவின் புத்தி இப்படிப் போயிற்று. மதியம் அவள் ஊர்க்கூடத்துக்குச் சீட்டாடப் போனதும், முடிச்சை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பனியில் வைப்பார். அவள் திரும்புவதற்குள் மெத்தைக்கடியில் சேர்த்துவிடுவார். அடுப்பில் போடக் கை வரவில்லை. கோழைக்கு எதையும் முழுசாகச் செய்ய முடியாது.

"என்னங்க, பக்கத்து வீட்டு யோங்சிம் விதை அதுக்குள்ள வால நீட்டிருச்சு. நம்மது கம்முனு கெடக்கு."

"குளிரு ஜாஸ்தி."

"அந்த மூலைலயா? உக்காந்தா பின்னாடி வேகுதுன்னு கத்துவீங்களே."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கைராசி போயிருச்சு போல. வயசானா கையும் செத்துருமோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. தொக்சு கிம்ச்சி ஊறுகாயைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் சீட்டாடப் போகவில்லை. முடிச்சை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள்.

"இந்த வயசுலயா? அப்பன் யாருடி?" என்று யோங்சிம் சிரித்தாள்.

"எல்லாம் எங்க வீட்டுக் கெழவந்தான்."

தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் முன்னால் துணியைப் பிரித்தாள். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"பாருங்க. என் கை சாகல."

"நெலம் போயிருச்சு, புள்ள" என்றார் தொக்சு. "புத்தாண்டு முடிஞ்சதுமே வித்துட்டாங்க."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. துணியின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"ஒரு நாள் இந்தத் துணி வெறச்சுக் கெடந்துச்சு. சூட்டு மூலைல இருந்தது எப்படி வெறைக்கும், நமக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயந்தேன்."

தொக்சு தலையைத் தொங்கப்போட்டார்.

"நெலம் போனா போகுது. அது ஊரான் நெலம். என் கை செத்துப்போச்சுன்னு நான் அழுதப்ப, நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

அவர் கையை இழுத்து, துணியை அதில் வைத்தாள்.

"இதுங்ககிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். துணியில் அவள் வயிற்றுச் சூடு இன்னும் ஆறவில்லை. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.