முன்சக்கரத்து பேரிங்

டெம்போக்காரர் செய்தித்தாள் பொட்டலத்தைக் கவுண்டரில் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு பேரிங் சிதைந்து கிடந்தது. உருளைகள் நீலம் பாரித்திருந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் கூடு கிழிந்து சுருண்டிருந்தது.

“அஞ்சே நாள்தான் ஓடிச்சு. தோப்பும்படி பாலத்துல சக்கரம் ஆட ஆரம்பிச்சது. லோடு இல்லாததுனால ஒதுக்கி நிறுத்த முடிஞ்சது” என்றார் அவர்.

அன்ஸியா வேறொரு பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள்.

மட்டாஞ்சேரி பஜாரில், மிளகு மண்டிகளுக்கு நடுவே ஒரு ஷட்டர் அகலத்துக்கு இருந்தது அவர்கள் கடை. பேரிங், ஆயில் சீல், புஷ், நட்டு, போல்ட்டு. சரக்கு எடுப்பது அவள் அண்ணன் சிகாபுதீன். கவுண்டரில் பெரும்பாலும் அவள்தான். சென்ற மாதம் புதிதாக வந்த ஏஜென்ட் ஒருவனிடம் அண்ணன் பல சைஸில் ஒரு பெட்டி பேரிங் எடுத்திருந்தான். டெம்போக்காரருக்குப் போனது அதிலிருந்துதான்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, அன்ஸியா அதன் விளிம்பில் அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். நல்ல பேரிங்கில் அரம் ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். இதில் கிர்ரென்று பிடித்தது. விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. விரல் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

அப்போதுதான் வியாழக்கிழமை வந்த மனிதரின் நினைவு வந்தது. நெற்றியில் சந்தனக் கீற்று வைத்திருந்தார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜோங்கா ஜீப் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஃபோனில் படம்கூடக் காட்டினார். முன்பக்கம் இரண்டு சக்கரங்களிலும் ஆட்டம் இருக்கிறது என்று இதே பெட்டியிலிருந்து வெளிப்பக்க பேரிங் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூணாறு பயணம், வண்டி நிறைய, எட்டுப் பேர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்று சனிக்கிழமை. மணி பன்னிரண்டு.

அவள் அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். அவன் ஏதோ சந்தடியில் இருந்தான்.

“அண்ணே, அந்தப் புதுப் பெட்டி அத்தனையும் டூப்ளிகேட்டு.”

“யாரு சொன்னா?”

“அரம் வச்சுப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி ஏறுது.”

“ஒண்ணு ரெண்டு அப்படி வந்திருக்கும். பெட்டியை எடுத்துத் தனியா வை. திங்கக்கிழமை அவன்கிட்ட பேசறேன்.”

“ஒரு ஜோங்காவுக்கு ரெண்டு போயிருக்கு. நாளைக்கு அது மலை ஏறுது.”

“ஆளு பேரு தெரியுமா? நம்பர் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எங்க போய்த் தேடுவ? நம்ம சரக்கு மோசம்னு நாமளே ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுப் போகணுமா?”

அவள் ஃபோனை வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினாள். பையில் ஒரு பேரிங்கையும் அரத்தையும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

படகு ஜெட்டிப் பக்கம் இருந்த வர்க்‌ஷாப்பில் முதலில் கேட்டாள். அங்கே ஜோங்கா எதுவும் வரவில்லை. அடுத்ததில் ஒருவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “பச்சை வண்டிதானே? முன்னாடி பட்டை ரெண்டும் உக்காந்து போயிருந்தது. பட்டை வேலை நாங்க எடுக்கறதில்ல. இடக்கொச்சிக்குப் போச்சு. காயலோரத்துல ரமேஷ்பாபு சேட்டன் ஷெட்டு.”

பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்கும் வில் தகடுகள். அதைக் கழற்றினால் எப்படியும் ஒரு நாள் வேலை. இன்னும் முடிந்திருக்காது என்று அன்ஸியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோப்பும்படியில் நெரிசல். முன்னால் நின்ற பஸ்ஸின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் உலர்ந்து போயிருந்தது. காலையில் ஒரு சாயா குடித்ததோடு சரி.

ஷெட்டில் வண்டி இல்லை. பழைய தகடுகள் துருவோடு ஒரு மூலையில் கிடந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஜாக்கியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“ரமேஷ்பாபு சேட்டனா?”

“ஆமா.”

“ஜோங்கா போயிடுச்சா?”

“டிரையல் பாக்கப் போயிருக்கு. அரூர் பாலம் வரைக்கும் போயிட்டு வர்றேன்னு சொன்னார். நீங்க ஆரு?”

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“நான் இந்தக் கையால கிரீஸ் போட்டு ஏத்தின பேரிங். மோசம்னா எனக்குத் தெரியாதா?”

“பாத்தா தெரியாது சேட்டா. எனக்கே தெரியல. நான்தானே வித்தேன்.”

பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். ரமேஷ்பாபு அவளுடைய அரத்தைத் தொடவில்லை. தன்னுடையதை எடுத்து விளிம்பில் ஒருமுறை இழுத்தார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அந்த வண்டிச் சத்தத்துல ஃபோன் கேக்காது” என்றார். இன்னொரு முறை அடித்தார். மறுபடியும்.

இருவரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். தெற்கிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் அன்ஸியா பார்த்தாள். மீன் லாரி, பஸ், கார். அரூர் பாலத்தின் உச்சியில் ஒரு சக்கரம் கழன்று கைப்பிடிச் சுவரில் மோதுவதுபோல் அவளுக்குள் ஓடியது. அதை விரட்டப் பார்த்தாள். போகவில்லை.

“ஸ்கூட்டர்ல போய்ப் பாக்கலாமா?”

“வழியில தவற விட்டுட்டா? இங்கேயே நிப்போம்” என்றார் ரமேஷ்பாபு. ஆனால் அவரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து சத்தம் கேட்டது. பச்சை ஜோங்கா ஆட்டமில்லாமல் வளைந்து ஷெட்டுக்குள் நுழைந்தது. சந்தனக் கீற்றுக்காரர் குதிக்காத குறையாக இறங்கினார்.

“ரமேஷ்பாபு, வெண்ணெயாட்டம் ஓடறது கேட்டேளா. பள்ளத்துல இறங்கினதே தெரியலை” என்றவர் அன்ஸியாவைக் கண்டு நிறுத்தினார். “நீங்க பேரிங் கடையாக்குமே?”

அவர் பெயர் ஹரிநாராயணன். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இப்ப பாலம் வரைக்கும் ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு குழப்பமும் இல்லை. நாளைக்குக் கார்த்தால அஞ்சு மணிக்குக் கிளம்பணும். மனைவியோட அக்கா குடும்பம் பாலக்காட்டுலேந்து வந்தாச்சு. இப்பப் போய்க் கழட்டச் சொல்றேளே.”

ரமேஷ்பாபு குனிந்து இடது சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் உள்ளங்கையை வைத்தார். வலதிலும் வைத்துப் பார்த்தார். கெட்ட பேரிங் என்றால் கை வைக்க முடியாதபடி சுடும்.

“ரெண்டும் சாதாரண சூடுதான்” என்றார்.

அன்ஸியாவும் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்த பாத்திரத்தின் சூடுதான். வந்தது வீணோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த டெம்போவுக்கும் முதல் நாள் இப்படித்தான் இருந்திருக்கும் என்பதும் கூடவே தோன்றியது.

“அவருக்கு அஞ்சு நாள் தாங்கிச்சு. அதுவும் சமதரையில” என்றாள். “நீங்க எட்டுப் பேரை வச்சு மலை ஏறி இறங்கணும். கழட்டிப் பாருங்க சார். நல்லதா இருந்தா மறுபடி போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. என்னைத் திட்டிக்குங்க.”

ஹரிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையை வீசினார், செய் என்பதுபோல.

இடது சக்கரத்தைத் தூக்கினார்கள். வளைத்து மடித்திருந்த லாக் வாஷரை நிமிர்த்தி, நட்டுகளைக் கழற்றி, ரமேஷ்பாபு பேரிங்கை வெளியே எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அரம் வைத்தார்.

வழுக்கியது.

இன்னும் அழுத்தி இழுத்தார். கண்ணாடிமேல் இழுத்ததுபோலப் போனது. ஒரு கீறல் இல்லை.

ஹரிநாராயணன் மெதுவாக மூச்சு விட்டார். “போறும். இதைத் திருப்பி மாட்டுங்கோ.”

அன்ஸியாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. பெட்டியில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. அப்படியென்றால் அண்ணன் சொன்னதுபோல் ஒன்றிரண்டுதான் மோசமோ. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

“அடுத்ததையும் பாக்கணும் சார்” என்றாள்.

“நான்தான் சொன்னேனே.”

“வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். உள்ள எது எப்படின்னு எனக்கு இப்பத் தெரியல. தெரியாம எப்படிப் போறது?”

அவர் ரமேஷ்பாபுவைப் பார்த்தார். ரமேஷ்பாபு ஜாக்கியை வலது பக்கம் உருட்டிக்கொண்டு போனார்.

இம்முறை அரத்துக்கே வேலை இருக்கவில்லை. கழுவியதும் உருளைகளில் மெல்லிய வரிகள் தெரிந்தன, யாரோ ஊசியால் சுற்றிக் கிழித்ததுபோல. வழித்தெடுத்த கிரீஸில் பொடிப்பொடியாக வெள்ளி மின்னியது. ரமேஷ்பாபு அதை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஹரிநாராயணனிடம் நீட்டினார்.

அவர் தொடவில்லை. பழைய தகடுகளின்மேல் உட்கார்ந்தார்.

“எட்டுப் பேர்” என்றார். “குழந்தைகள் ரெண்டு.” பிறகு, கோபத்தோடுதான், “இப்ப வேற பேரிங்குக்கு நான் எங்க போறது?” என்றார்.

அன்ஸியா அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

“சைஸ் நம்பரைச் சொல்லு” என்று மட்டும் கேட்டான்.

நாலரை மணிக்கு சிகாபுதீன் பைக்கில் வந்தான். எறணாகுளம் போய் வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு பேரிங்குகளை ரமேஷ்பாபுவிடம் கொடுத்தான். ஒன்று போதும் என்றதற்கு, “ரெண்டு பக்கமும் மாத்திருங்க. எங்க பெட்டியில வந்தது எதுவும் இந்த வண்டியில வேண்டாம்” என்றான். பிறகு ஹரிநாராயணன் முன்னால் போய் நின்றான்.

“தப்பு என்னோடது சார். விலை குறைவுன்னு பாத்து எடுத்துட்டேன். தங்கச்சி சொன்னப்பவும் கேக்கல.”

ஹரிநாராயணன் தலையை ஆட்டினார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. “வேற யார் யாருக்குக் கொடுத்திருக்கேள்?” என்று கேட்டார்.

சிகாபுதீன் தங்கையைப் பார்த்தான். “அன்ஸியா கடையில இல்லாத அன்னிக்கு நான் ஒண்ணு கொடுத்தேன். ஏலூருக்கு கம்பெனிச் சரக்கு ஓட்டற வண்டிக்கு. நௌஷாத்துன்னு பேரு.”

“நம்பர் இருக்கா?” என்றாள் அவள்.

“இருக்கு. வர்ற வழியெல்லாம் அடிச்சேன். எடுக்கல.”

ரமேஷ்பாபு வலது ஹப்பில் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் ஷெட்டுக்கு வெளியே நின்று மாறி மாறி ஃபோன் அடித்தார்கள். ஏலூருக்கு இந்த நேரத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். போவதென்று முடிவு செய்து அவள் ஹெல்மெட்டை மாட்டிய பிறகு மறுமுனையில் எடுத்தார்கள். தூக்கக் குரல்.

“நௌஷாத்தே, நான் மட்டாஞ்சேரி சிகாபுதீன். வண்டி எங்க?”

“வீட்டு முன்னாடிதான் நிக்குது. பாட்டரி போயி மூணு நாளாச்சு. ஏன் இக்கா?”

சிகாபுதீன் பைக்கில் சாய்ந்து உட்கார்ந்தான். அன்ஸியா ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வண்டியை எடுக்காதீங்க. நாங்க வர்றோம்” என்றாள்.