பந்து போய்ச் சேரும் இடம்

பெனால்டியாக உதைத்த எந்தப் பந்தும் சோப்பு ஆலை கோல்கீப்பரின் கையைத் தாண்டிப் போனதில்லை. அவர் பாய்ந்து பிடித்தார் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். பந்து ஒரு மூலையைப் பார்த்துக் கிளம்பும், பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பும், அவர் நெஞ்சுக்கு நேராக வந்து, வெளியே போய்விட்டு வீடு திரும்பிய பூனை மாதிரி கைகளுக்குள் அடங்கிவிடும். மற்றபடி அவர் சுமாரான ஆட்டக்காரர். ஆட்டத்தின் நடுவே வரும் சாதாரணப் பந்துகள் அவர் விரல்களில் நழுவிக்கொண்டு போகும். ஆலையில் சோப்பு காய்ச்சும் கொப்பரைப் பக்கம் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உள்ளங்கையில் ஒரு வழவழப்பு மிச்சமிருந்தது. எதிரணிக்காரர்கள் ‘வழுக்கல்’ என்று பெயர் வைத்தார்கள். பெனால்டி விஷயம் ஊருக்கே தெரிந்த பிறகும் யாரும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

முதல் வருடம் அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த வருடம் போட்டிக் கமிட்டி பந்தை அறுத்துப் பார்த்தது; உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். வேறு பந்து கொண்டுவந்தார்கள், அதுவும் வந்தது. பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியார் ஒருவர் மைதானச் சுவரில் ஏறி, ஒரு துணிக் கீற்றைப் பிடித்துக் காற்றின் திசையைப் பார்த்தார். காற்று எதிர்த் திசையில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனார். பத்திரிகையில் சிமெண்ட் விலைக்குக் கீழே ஒரு படம் வந்தது. அதற்கப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. அவருக்கு எதிராகப் பெனால்டி உதைப்பவர்கள் கடமைக்கு உதைத்துவிட்டு, பந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.

இதனால் விளையப்போவதை முதலில் புரிந்துகொண்டவர் அணித் தலைவர். பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளர். தோள் அகலத்தைப் பார்த்து அவரைக் ‘கதவு’ என்பார்கள். கெட்ட மனுஷன் இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பார், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஆனால் அவர் போட்ட கணக்கு இது: கோல் முன்னால் இருக்கிற கட்டத்துக்குள் ஒருவனைத் தள்ளினால் பெனால்டி. பெனால்டி கொடுத்தாலோ கோல் இல்லை. அப்படியென்றால் தள்ளுவதில் நஷ்டமே இல்லை. முதலில் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு முழங்கையால் இடித்தார். அதன் பிறகு காலைப் பார்த்துக் காலை வைத்தார். வெளியே அனுப்பும் சிவப்பு அட்டையை எந்த நடுவரும் எடுக்கவில்லை. அவர்களும் அதே ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள்தான். மறுநாள் அதே கேன்டீன் வரிசையில், கதவுக்குப் பின்னால் தட்டோடு நிற்க வேண்டும். சோப்பு ஆலை வருடம் தவறாமல் கோப்பை வாங்கியது. வாசல் கண்ணாடி அலமாரியில் இடமில்லாமல் போய், பழைய கோப்பைகளில் பேனாக்களைப் போட்டுவைத்தார்கள்.

வழுக்கலின் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் தைப்பவர். தாய் இறந்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். தம்பி பஸ் டிப்போ அணியில் ஆடினான்; அந்த ஊரிலேயே வேகமான கால் அவனுடையது. டிப்போவில் எடுபிடி வேலை முடிந்து, டிரைவர் சீட்டில் உட்கார ஆணை வந்திருந்தது. மாமனும் மைத்துனனும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தவர்கள்.

“மாமா, எனக்குப் பெனால்டியே வேணாம். ஓடி வர்ற வேகத்துல அடிக்கிறேன், அதைப் பிடிங்க பாப்போம்” என்பான்.

“அதையெல்லாம் என்னால பிடிக்க முடியாதுடா, ஊருக்கே தெரியும்” என்பார் இவர்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் டிப்போவும் சோப்பு ஆலையும் மோதின. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மைத்துனன் மூன்று பேரைக் கடந்து கட்டத்துக்குள் வந்துவிட்டான். எதிரே கோல்கீப்பர், பக்கத்தில் கதவு. கதவு அப்போது மைத்துனனைப் பார்க்கவில்லை. மழைக்கு முன்னால் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்க்கிறவர் மாதிரி, கோல்கீப்பரைப் பார்த்தார். பிறகு காலை வைத்தார். மரப்பெட்டியின் மூடியை ஆணியோடு பெயர்த்தது போன்ற சத்தம் கேட்டது. மைத்துனன் கத்தவில்லை. தன் இடது காலை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனைப் பலகையில் தூக்கிப் போனார்கள், நடுவர் பெனால்டி கொடுத்தார்.

வழுக்கல் அந்தப் பந்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கம்பத்தோடு கம்பமாக ஒதுங்கி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். உதைத்தவன் திறந்து கிடந்த மறு ஓரத்துக்கு அடித்தான். பந்து கோட்டுக்கு வந்தது, கோட்டின் மேலேயே உருண்டு இவர் பக்கம் திரும்பியது, காலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், ஓர் எம்பு எம்பி, கட்டியிருந்த கைகளுக்குள் நுழைந்தது. ஜனங்கள் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கதவு ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கோப்பையை வாங்கப் போன வரிசையில் வழுக்கல் இல்லை. உடை மாற்றும் அறையில், குழாயைத் திறந்துவிட்டு கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் பல நாள் போனார். உள்ளே போகக் கால் வரவில்லை. கதவு போனார், பழம் வாங்கிக்கொண்டு போய் கட்டில் ஓரம் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். கால் ஒட்டியது, ஆனால் குட்டையாக ஒட்டியது. கிளட்சை முழுக்க மிதிக்க அந்தக் காலால் முடியாது என்று டிப்போவில் எழுதி, அவனைப் பயணிகள் விட்டுப்போன பொருள்களைக் காக்கும் அறையில் போட்டார்கள். நாள் முழுக்கக் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். வீட்டில் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மனைவி பேசினார், ஆனால் சாப்பாடு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

வழுக்கல் பேக்கிங் பிரிவுக்குப் போய்க் கதவிடம் கேட்டார். “தெரிஞ்சேதானே பண்ணே?”

கதவு சோப்புப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தாமல் யோசித்தார். “வேணும்னு பண்ணலப்பா, சத்தியமா. கால் தானா போகுது. போறப்பவே உள்ளுக்குள்ள ஒரு குரல், ஒண்ணும் ஆகாது, பின்னாடி அவன் நிக்கிறான்னு சொல்லுது. நீ இல்லேன்னா எனக்கு அந்தத் தைரியம் வருமா, சொல்லு?”

அன்றே வழுக்கல் அணியை விட்டார். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் கோலில் நின்றார். பெனால்டி வந்தது. உதைத்த பந்து புதிய கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய், மைதானச் சுவரைத் தாண்டி, கடைத்தெரு வழியாக, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி உருண்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வழுக்கலின் கைக்கு வந்தது. குடம் கீழே விழுந்தது. கமிட்டி கூடிப் பேசி, பந்து கோட்டைத் தாண்டி வலைக்குள் போகாததால் கோல் இல்லை என்று தீர்த்தது. அதன் பிறகு எந்த அணிக்கு எதிராக யார் உதைத்தாலும் அப்படியே ஆயிற்று. முன்பு சோப்பு ஆலைக்காரர்களுக்கு மட்டும் இருந்த தைரியம் இப்போது எல்லா அணிகளுக்கும் வந்தது. எலும்பு டாக்டர் வாசலில் கூடுதலாக ஒரு பெஞ்சு போட்டார். பெனால்டியையே எடுத்துவிடுங்கள் என்று வழுக்கல் கமிட்டியிடம் கெஞ்சினார். விதி மேலிடத்திலிருந்து வருகிறது, நம் கையில் இல்லை என்றார்கள். ஆட்டத்துக்கு இரண்டு பந்துகள் கையிருப்பு வேண்டும் என்று மட்டும் புது விதி போட்டார்கள்.

மனைவியையும் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு அவர் ஊரைவிட்டே போனார். ரயிலில் ஒரு முழுப் பகல் தூரத்தில் இருந்த துறைமுக ஊரில், ஐஸ் பேக்டரியில் வாயில்காவல் வேலை கிடைத்தது. குடைகளோடு கிடந்து குடை ரிப்பேர் கற்றுக்கொண்ட மைத்துனன் கடை போட்டான். சில வாரம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஏதோ இடித்தது. மனைவி எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். தோல் உரிந்து, சேறும் தாரும் ஒட்டி, ஒரு பந்து வாசற்படி ஏறி உள்ளே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் எச்சில் கையில் ஏறி நின்றது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “இது யாரோட காலுங்க?”

அவருக்குத் தெரியவில்லை. அப்போது மைத்துனன், அந்தக் கால் ஒடிந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“போய்ப் பாருங்க மாமா. நான் அங்க படுத்திருந்தப்ப கதவு அண்ணன் வந்தாரு, டிப்போக்காரங்க வந்தாங்க, மேனேஜர்கூட வந்தாரு. நீங்க வரல. கேட்டுல வந்து வந்து நின்னுட்டுப் போறீங்கன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. ஜன்னல் பக்கம் கட்டில் மாத்திக் கேட்டேன், குடுக்கல.”

வழுக்கல் கையைக் கழுவினார். மனைவி ஈரத்துணியால் பந்தைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரியே ரயிலேறி, மறுநாள் போய் இறங்கி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலைத் தாண்டி உள்ளே போனார். அடிபட்டவன் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற ஒருவன்; முட்டி பிசகியிருந்தது. இவர் பந்தைக் காட்டினார், “என்கிட்ட வந்துருச்சு” என்றார், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவன் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாயங்காலம் பார்வை நேரம் முடிகிற மணி அடித்தபோது, “நாளைக்கும் இருப்பீங்களா?” என்று கேட்டான். இருந்தார்.

அப்படியே அது நடைமுறை ஆயிற்று. பந்து வரும், துடைப்பார்கள், அவர் ரயிலேறுவார். சிலர் திட்டினார்கள், ஒருவன் தண்ணீர்க் குவளையை எறிந்தான். ஒருவனுடைய தாய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார். கதவும் ஒரு வருடப் போட்டியில் அடிபட்டு அந்த வார்டில் வந்து படுத்தார். வேறோர் அணியின் இளசு ஒருவன் அவரைத் தள்ளியிருந்தான். வழுக்கல் அவர் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார். இருவரும் பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆட்டத்தில் கால்கள் ஒடிவது குறையவில்லை; குறைந்தது என்று சொன்னால் அது பொய். போகவர முடியாமல், மூவரும் பழைய ஊருக்கே திரும்பி, ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் வீடு பிடித்தார்கள். பந்துகளுக்கும் தூரம் குறைந்தது, அவ்வளவாகத் தேயாமல் வந்தன.

வயதாகி வழுக்கலின் முட்டி மடங்காமல் போனது. அதன் பிறகு மைத்துனன் போனான், விந்தி விந்தி, பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. போன மழைக்காலத்தில் சர்க்கரை ஆலை அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதமே ஆனவன். மைத்துனன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“பெரியவர் வரலையா?” என்றான் அவன்.

“அவருக்கு நடக்க முடியல. என்னை அனுப்பினாரு.”

அவன் பந்தை வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். பிறகு, உங்களுக்கு எந்தக் கால் என்று கேட்டான். மைத்துனன் வேட்டியை விலக்கிக் காட்டினான். வார்டைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் கட்டிலருகே நின்று, பந்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைக்கும்படியும், துடைப்பம் போடும்போது நடுவில் உருண்டு வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.