மேட்டுச்சேரியில் இறங்குபவள்

அண்ணனூர் ஸ்டேஷனைத் தாண்டியதுமே இறங்குவதற்காகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கம்பெனி வேனில் என் பக்கத்து சீட்டில் சபீனா, ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கிளம்பும்போதே மழை. டிராபிக்கில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்திருந்தோம்.

“தேவி, முடியலடி. உன் ஊட்டு பாத்ரூமுக்கு வந்துட்டுப் போறேன். ரெண்டே நிமிசம்.”

என் வீடு என்று அவள் நினைத்திருப்பது மெயின் ரோட்டிலிருக்கும் ஆறு மாடி அபார்ட்மென்ட். இரண்டு வருஷமாக அதன் கேட்டில்தான் இறங்குகிறேன். வேன் மறையும்வரை செல்போனை நோண்டிக்கொண்டு நின்றுவிட்டு, சந்தில் புகுந்து கால் மணி நேரம் நடந்தால் மேட்டுச்சேரி. என் வீடு அங்கேதான் இருக்கிறது.

சேரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டாம் வகுப்பில் தமிழ் சார் கரும்பலகையிலேயே எழுதிப் போட்டார். சேர்ந்து வாழும் இடம் சேரி. பழைய கல்வெட்டில் பார்ப்பனச்சேரிகூட உண்டு. ஒரு காலத்தில் எல்லாருமே சேரிக்காரர்கள்தான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த பீரியடில் உதவித்தொகை பாரம் வந்தது. “சேரிப் பசங்க மட்டும் எந்திரிங்க” என்றார் அதே சார். ஏழு பேர் எழுந்து நின்றோம். எழுதிய அர்த்தத்தை யாரும் அழித்திருக்கவில்லை. என்ன பிரயோஜனம்!

வேன் அபார்ட்மென்ட் கேட்டில் நின்றது. “எறங்கும்மா” என்றார் டிரைவர் எத்திராஜ் அண்ணன். சாவி இல்லை, தண்ணீர் வரவில்லை, அம்மா ஊரில் இல்லை. மூன்று பொய்யும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. சபீனா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

“அண்ணா, இங்க இல்ல. நேரா போயி லெஃப்ட்ல திரும்புங்க.”

“அந்தாண்ட இன்னாம்மா கீது?”

“மேட்டுச்சேரி. என் ஊடு அங்கதான் கீது.”

வேனில் பதினோரு பேர். முன்சீட்டு ஜெயப்பிரியா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். தினமும் என் டிபன் பாக்ஸிலிருந்து மீன்குழம்பை வழித்துச் சாப்பிடுகிறவள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் பைக்குகளைத் தூக்கி ஓரம் வைத்து வேனுக்கு வழி விட்டார்கள். அம்மா ஓடிவந்து சபீனாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சீக்கிரம் வந்து தொலைடி, வேன் கிளம்பட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

சபீனா எங்கள் வீட்டுத் துண்டில் முகம் துடைத்தபடி வந்தாள். “அப்பாடா, இப்பதான் உயிரே வந்துச்சு. இதுக்காடி அங்க எறங்கிக்கினு இருந்த? லூசு.”

அவள் பின்னாலேயே அம்மா, தட்டு நிறைய டம்ளர்களோடு. “மழையில வந்துகீறீங்க. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்கம்மா.” வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

சபீனா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். அம்மா அடுத்து ஜெயப்பிரியாவின் ஜன்னலுக்குப் போய்த் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். டீயில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. மூடிய கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ஜெயப்பிரியாவின் விரல்கள் ஜன்னல் கொக்கியின் மேல் இருந்தன.