ஒரே ஃபியூஸில் இரண்டு வாஃபிள் கல்

1

இந்தக் கதை வானொலியிலிருந்து வந்தது. பள்ளியை விட்டபின் பகலெல்லாம் அதுதான் எனக்குத் துணை. போன வாரம் அதில் ஒரு பெண் சொன்னார்: இரண்டு நல்ல விஷயங்களை ஒரே தராசில் நிறுக்க முடியாமல் போகலாம்; ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் மற்றது மதிப்பற்றதாகிவிடாது; அதை இழந்தவர்களோடு சேர்ந்து வென்றவர்களும் வருந்த வேண்டும்.

எங்கள் தீவில் யாராவது இதை உரக்கச் சொன்னால் சண்டை தணியும் என்று தோன்றியது. யாராவது என்றால், நானல்ல. அதனால்தான் கதை.

2

முதல் தொடக்கம்: ‘நார்வேயின் மேற்குக் கரையில் இரண்டு கட்சிகள்...’

(அடித்துவிட்டேன். கட்சிகள் எங்கே? என் அப்பாவும் என் மாமாவும்தான்.)

மலைமேல் காற்றாலை வேண்டும் என்றவர் அப்பா. அந்த வருமானம் இல்லாவிட்டால் தீவுக்குப் படகு வருவது நின்றுவிடும். வேண்டாம் என்றவர் டோர்லைவ் மாமா. கடற்கழுகுகள் கூடு கட்டும் மலை அது. காற்றாலை வந்தது. இருவருக்கும் பேச்சு நின்றது.

3

இன்று படகுத்துறையைச் செப்பனிடும் நாள். இதற்குக் கூலி கிடையாது. பகையாளியும் சுத்தியலோடு வந்துவிடுவார். வேலை முடிந்ததும் எல்லாருக்கும் வாஃபிள், கட்டம் கட்டமாக அச்சு விழுந்த இனிப்புத் தோசை மாதிரி. இந்த முறை ஒருவர் மாவை மற்றவர் தொடமாட்டார் என்று இரண்டு மின்சார வாஃபிள் கல் வந்திருந்தன. படகுக் கொட்டகையில் இரண்டையும் ஒன்றாகச் செருகினார்கள். ஃபியூஸ் போயிற்று.

“என்ன மாப்ள, மலை நெறைய காத்தாடி நட்டீங்க, ஒரு வாஃபிள் சுட வக்கில்லையா?” என்றார் மாமா.

“உங்க கழுகு வந்து சுட்டுத் தரட்டுமே, மச்சான்.”*

“ரன்வை, உள்ள போய் ஃபியூஸ மாத்துடி,” என்றார் அம்மா.

* காற்றாலை சுழலத் தொடங்கியபின் இருவரும் பேசிக்கொண்டது இதுதான் முதல் முறை.

4

கொட்டகையின் உள்ளறையில், மின்பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். கதையில் வரும் பெண் வெளியே போய், வானொலிப் பெண் சொன்னதைத் தெளிவாக...

(நம்பமுடியவில்லை. அவளுக்கும் என் நாக்குதானே. மூன்று பேர் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்.)

பலகைச் சுவருக்கு அப்பால் மாமா குரல்: “பழைய இரும்புக் கல்லு ஒண்ணு என் படகுல கெடக்கு. கரையில நெருப்பு மூட்டுனா எல்லாருக்கும் சுட்டுடலாம்.”

அப்பா குரல்: “அவ வரட்டும். ஃபியூஸ் இல்லேன்னா பாப்போம்.”

5

மின்பெட்டிமேல் இருந்த புது ஃபியூஸ் என் உள்ளங்கையில் கிடக்கிறது. மாட்டினால் இரண்டு கல்லும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகும். ஆளுக்கொரு மூலையில் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஃபியூஸ் இல்லை என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே நெருப்பு. ஆனால் நான் பொய் சொன்னவளாவேன். உண்மையும் நல்லதுதான், அந்த நெருப்பும் நல்லதுதான். எந்தத் தராசில் நிறுப்பது? அதை வானொலியில் சொல்லவில்லை.

“என்னடி, கெடச்சுதா இல்லையா?” அம்மா கதவைத் தட்டுகிறார்.

இந்த ஃபியூஸைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆமாம், வாசிக்கிற உங்களைத்தான். நான் கதவைத் திறக்க வே