மண்ணுக்குள் போன ரீல்

பழுதான ஃப்ரிட்ஜ் ஒன்றை மேடையேற்றி, அதன் முனகலுக்கு மைக் வைத்து, அதற்குக் கச்சேரி என்று பெயரும் சூட்டினானே ட்ரெவர் பாஸ்கோ, அன்றிலிருந்து நெரிடாவுக்கு அவனைத் தெரியும். மெல்போர்னில் அன்றைக்கு அதைக் கேட்க வந்த மொத்தப் பேரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அதிலும் பாதிப் பேர் அடுத்து வாசிக்கக் காத்திருந்தவர்கள். அப்புறம் கிதாருக்குள் ஸ்க்ரூடிரைவரைச் செருகினான், ஓடுகிற ரேடியோவை வாளித் தண்ணீரில் அமுக்கினான். இசை அலுத்ததும் சினிமா எடுக்கக் கிளம்பினான். அவன் சினிமாவில் கதை இருக்காது, ஆள் இருக்காது, ஃபோகஸும் இருக்காது. அரசாங்க மானியம் மட்டும் எப்படியோ வந்துவிடும்.

இப்போது பல் கொட்டுகிற வயதில் அவனுக்கு ஒரு விழா. மெல்போர்னின் பிரன்ஸ்விக் பகுதியில் பழைய மெத்தைத் தொழிற்சாலையைக் கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயாவின் சாதனைகளையெல்லாம் போட்டுக் காட்டுகிறார்களாம். நெரிடா சாதனை பார்க்கப் போகவில்லை. ஒரு ரீலைக் கேட்டு வாங்கப் போனாள்.

அந்த ரீலில் அவள் தம்பி கிளைவ் இருந்தான். ட்ரெவரின் கூட்டத்திலேயே உருப்படியாக டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தாளம் தப்பாமல் வாசிக்கிறான் என்பதற்காகவே ட்ரெவரிடம் திட்டு வாங்கியவன். பைக் விபத்தில் சின்ன வயதிலேயே போய்விட்டான். அவன் வாசிப்பதைப் பிடித்து வைத்தது அந்த ஒரே ஒரு சூப்பர் எட்டு ஃபிலிம்தான், அந்தக் காலத்து வீட்டுக் கேமராவில் போடும் சின்னச் சுருள். அதற்கு நெகட்டிவ் கிடையாது, நகல் கிடையாது. கேமராவில் ஓடிய அதே சுருள்தான் புரொஜெக்டரிலும் ஓடும். "எங்கிட்ட பத்திரமா இருக்கும் நெரி, கவலப்படாத" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாக்குக் கொடுத்தவன் ட்ரெவர். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், தேடிக்கொண்டிருக்கிறேன் என்பான்.

வாசலிலேயே அவனை மடக்கினாள். "கிளைவ் ரீல் எங்கடா?"

"அட, அதத்தான இன்னைக்குப் போடப்போறேன்! ஒனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் வாயத் தொறக்கல."

நெரிடாவின் மனசு சட்டென்று இளகிவிட்டது. இவனைப் போய் இத்தனை காலம் கரித்துக்கொட்டினோமே என்றுகூட நினைத்தாள். முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

புரொஜெக்டரைக் கூட்டத்துக்கு நடுவில் மேஜைமேல் வைத்திருந்தார்கள். அது கடகடப்பதும் இவர்களுக்குச் சங்கீதம். திரையில் பச்சையாக ஏதோ ஓடியது. பிறகு மஞ்சள், பிறகு ஊதா ஊதாவாகக் கொப்புளங்கள். டிரம்ஸ் குச்சி பிடித்த ஒரு கை எட்டிப் பார்த்தது. அதுவும் முழங்கை வரைதான். முகம் வரவேண்டிய இடத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. நெரிடா காத்திருந்தாள். முகம் வரவே இல்லை. சுருள் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

ட்ரெவர் மைக்கை வாங்கினான். "எங்க வீட்டுக் கொல்லையில, எலுமிச்ச மரத்தடியில, குளிர்காலம் பூரா இதப் பொதச்சு வெச்சேன். இந்தப் படத்துக்கு டைரக்டர் நான் இல்ல, மண்ணு."

கூட்டம் சொக்கிப்போனது. கலைக்கூடத்தை நடத்தும் இமோஜென் கேட்டாள்: "அந்தக் கை யாரோடது ட்ரெவர்?"

"அது முக்கியமே இல்லம்மா. யாரோ ஒருத்தன். ஒரு ஒடம்பு, அவ்வளவுதான்."

நெரிடா எழுந்துவிட்டாள். "அடப்பாவி! என் தம்பிய ஒருவாட்டி பொதச்சது பத்தலையாடா ஒனக்கு?"

அவள் நேராக மேஜைக்குப் போய், புரொஜெக்டரிலிருந்து ரீலை உருவி, காய்கறிப் பைக்குள் திணித்தாள். ஃபிலிம் வால் தரையில் இழுபட்டது. ட்ரெவர் பதறிப்போய், "நெரி, அது ஒரிஜினல்..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் ஒரு தாடிக்காரன் கை தட்டிவிட்டான். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தியா என்று இந்தக் கூட்டத்தில் எவனும் கேட்கமாட்டான். கேட்டால் ரசனை கெட்டவன் ஆகிவிடுவானே! ஃப்ரிட்ஜ் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. இமோஜென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ட்ரெவர் பையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். அவனுக்கு ஜென்மத்தில் இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. மார்பில் கை வைத்துக் குனிந்து வணங்கினான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நெரிடா வெளியே நடந்தாள்.

டிராமில் ஜன்னல் வெளிச்சத்தில் சுருளைப் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். எங்கேயும் கிளைவின் முகம் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

மறுநாள் ட்ரெவர் போன் செய்தான். "கலக்கிட்ட போ! அடிலெய்டு விழாவுக்குக் கூப்புடுறாங்க. நீயும் வரணுமாம். அதே மாதிரி எந்திரிச்சு, அதே வசனம். ரீல மறந்துடாத."

"வர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. கிளைவ் பக்கத்துல நின்னு அத்தன நாள் வாசிச்சியே, அவன் கண்ணு என்ன நெறம்?"

ட்ரெவர் காலமெல்லாம் மௌனத்தையும் இசை என்று சொல்லி விற்றவன். இந்த மௌனத்தை விற்க அவனுக்கு வழி தெரியவில்லை.

"பழுப்பு... பழுப்புதான?"

கிளைவுக்கு நீலக் கண்.

"இதையும் மேடையில சொல்லுடா," என்றாள் நெரிடா. "எந்திரிச்சு நின்னு கை தட்டுவானுங்க."

போனை வைத்துவிட்டாள்.