பாய்காட் என்ற ஆள்

தேயிலைக் கொழுந்து லொறி ஆட்களை ஏற்றக் கூடாது என்பது தோட்டத் துரையின் கட்டளை. அதனால் மார்ச் மாதம் என் மனைவி வடிவைப் பிரசவ வலியோடு கம்பளியில் கிடத்தி மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நான்காம் மைலில் இறந்தாள். லொறி அன்று கொட்டகையில் சும்மா நின்றது.

ஜூலையில் கொழுந்து பறிக்கும் வேலாயிக்கு நிறைமாதம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் கூடினார்கள். வேலையை நிறுத்தலாம் என்றார்கள் சிலர். நிறுத்தினால் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து லயத்தைவிட்டே துரை விரட்டுவார் என்றார்கள் மற்றவர்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், கண்டியில் படித்தவன்.

நான் ஒரு சொல்லின் கதையைச் சொன்னேன். எழுபது வருடங்களுக்கு முன் அயர்லாந்தில், ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவன் குத்தகைக்காரர்களைக் குடியெழுப்பப் பார்த்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. அவன் வயலில் அறுக்க ஆளில்லை. கடைக்காரன் சாமான் தரவில்லை. எதிரே வந்தால் ஒருவரும் பேசவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் பட்டாளம் வந்தது. அந்த வருடம் முடியும் முன்பே அவன் ஊரைவிட்டுப் போனான். அவன் பெயர் பாய்காட்.

"பாய்காட்டுங்கிறது ஆளு பேரா?" என்றாள் கூட்டத்திலிருந்த காளியாயி. "சங்கத்துக்காரங்க கத்துறப்ப நான் ஏதோ சட்டம்னுல்ல நெனச்சேன்."

மறுநாள் காலை எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள். கொழுந்தின் நிறை குறையவில்லை. துரையின் பங்களாவுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. சமையல்காரர் வீரய்யா, துணி வெளுப்பவர், பால் கொண்டுபோகிறவர், யாருமே. துரை வந்தால் பாதையோரத்து மழைநீர்க் கானில் இறங்கி ஒதுங்கி நிற்பது வழக்கம். பெண்கள் இறங்கவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை.

ஐந்தாம் நாள் வீரய்யா ஆபீஸ் ஆட்களிடம் கேட்டுச் செய்தி கொண்டுவந்தார். "தொரையே அடுப்பு பத்த வச்சாராம். பங்களா பூரா பொகை. பிஸ்கோத்து தின்னே ஆளு வத்திப் போயிட்டாரு."

ஏழாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டார். இதை இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். உங்கள் அகராதியில் இருக்கிறது என்றேன். வேலையிலிருந்து நீக்கிவிடுவதாகச் சொன்னார். நீக்குங்கள் என்றேன். என்னிடமிருந்து எடுக்க அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. வேலாயிக்காக லொறியைக் கேட்டேன். முடியாது என்றார்.

ஒன்பதாம் நாள் காலை வேலாயிக்கு வலி கண்டது. டிரைவர் சோலைமலை யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கொழுந்துச் சாக்குகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு லொறியை லயத்துக்குக் கொண்டுவந்தார். காளியாயி பின்னால் வேலாயியைப் பிடித்துக்கொண்டாள். நான் முன்னால் ஏறினேன்.

ஆறாம் நம்பர் மலை வளைவில் துரையின் கார் எதிரே வந்தது. ஒரு வண்டிக்குத்தான் வழி. கார் வந்தால் லொறிதான் பின்னால் போக வேண்டும். துரை ஹார்ன் அடித்தார்.

"பின்னால எடுக்கவா வாத்தியாரே?"

"வேணாங்க."

துரை இறங்கி வந்து லொறியை எடுக்கச் சொன்னார். நாங்கள் பதில் சொல்லவில்லை. மேலே கொழுந்து பறித்த பெண்கள் திரும்பவில்லை. வேலாயியின் சத்தம் மட்டும் கேட்டது.  துரை காரில் ஏறிப் பின்னால் எடுத்தார். வளைவு வரை போனார். அங்கும் இடம் போதவில்லை. இன்னும் ஒதுங்கினார். காரின் பின்சக்கரம் கானில் இறங்கியது.

சோலைமலை கியரை மாற்றி லொறியை முன்னால் எடுத்தார்.