ஈயத்தின் தோல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈயக்காரி என்று பெயர். எந்நேரமும் ஈயம், ஈயம் என்று திரிகிறாளே என்று அவளுடைய அண்ணி கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

கல்லூரியில் அவளும் இந்த அண்ணியும் ஒரே பெஞ்சு. வாடி, போடி என்றுதான் பேச்சு. அந்தத் தோழி பிறகு ஈயக்காரியின் அண்ணனையே கட்டிக்கொண்டு அண்ணியாகிவிட்டாள். பேச்சு மட்டும் மாறவில்லை. பல் டாக்டரான அண்ணனுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். "நாலு பேர் முன்னாடியாவது வாங்க அண்ணின்னு சொல்லேன்" என்பான். யார் கேட்டார்கள்?

நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாத வீடு ஏது? இந்த வீட்டில் சண்டை, ஈயத்தின் அணுக்கருவுக்குத் தோல் எவ்வளவு தடிமன் என்பதற்காக.

அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் சரிசமமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஒன்று கூடிப்போனால் அதற்குத் தண்டமாகக் கூடுதல் ஆற்றல் செலவாகும். அதைத்தான் சமச்சீர் ஆற்றல் என்பார்கள். ஈயத்தில் நியூட்ரான்கள் மிக அதிகம். நெருக்கியடித்துக் கிடக்கும் நடுப்பகுதியில் இந்தத் தண்டம் கூடுதல், அடர்த்தி குறைந்த மேற்பரப்பில் குறைவு. அதனால் மிஞ்சிய நியூட்ரான்கள் ஓரத்துக்கு ஒதுங்கி ஒரு தோலைப்போலப் படர்ந்துவிடும். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதென்றால் தோல் தடிமன், சிறிதென்றால் மெல்லிசு.

அதே கூடத்தில் காகிதத்தில் கணக்குப் போடுகிற அண்ணி மெல்லிசு என்றாள். அளந்து பார்க்கிற ஈயக்காரி தடிமன் என்றாள்.

"சாப்பிட்டுட்டு சண்டை போடுங்களேன், எல்லாம் ஆறிப்போகுது" என்று அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். கடைசியில் அவனே பந்தயம் கட்டிவிட்டான். மெல்லிசு என்று வந்தால் அன்றிலிருந்து ஊர் முன்னால் "வாங்க அண்ணி". தடிமன் என்றால் காலத்துக்கும் "வாடி". அவன் வாயே திறக்கமாட்டான்.

சோதனை தொடங்கியது. ஈயத்தகட்டின் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை தெறிக்கும் விதத்தை வைத்துத் தோலை அளக்க வேண்டும். பாய்ச்சினால் ஈயம் வெண்ணெயாக உருகிவிடும். சூட்டை உடனே இழுத்துக்கொள்ள, தகட்டின் இருபக்கமும் மெல்லிய வைரத் தகடு வைத்திருந்தார்கள்.

"உங்கண்ணன் எனக்கு ஒரு பொட்டு வைரம் வாங்கித் தரல. நீ என்னடான்னா ஈயத்துக்குப் போட்டு அழகு பாக்குற" என்றாள் அண்ணி.

அளவெடுப்பு முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம். உணவகத்தில் ஈயக்காரி கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்த அண்ணி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இந்தக் கோடு முன்ன இவ்வளவு நடுங்கலையே?"

"எது?"

"இது. கடைசிப் பகுதி. உன் வைரம் வெந்துபோச்சுன்னு நினைக்கிறேன்."

ஈயக்காரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். எலக்ட்ரான் அடி வாங்கி வாங்கி வைரம் தன் குணத்தை இழந்திருந்தது. சூடு வெளியேறாமல் ஈயத்தின் நடுப்பகுதி உருகி ஒதுங்கியிருந்தது. அந்தக் கடைசிப் பகுதி அளவுகளைத் தள்ளிவிட்டு, புதுத் தகடு மாட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அளந்தார்கள்.

"பேசாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியோ என்னவோ" என்றாள் ஈயக்காரி.

"தப்பான எண்ணை வச்சு ஜெயிச்சு நான் என்ன பண்ண? ஃபிரேம் போட்டு மாட்டவா?"

விடை திறக்கும் நாள் வந்தது. அதுவரை யாருக்கும் உண்மை எண் தெரியாது. ஆசைப்பட்ட பக்கம் மனசு சாய்ந்துவிடக் கூடாதென்று, ஒரு ரகசிய எண்ணைக் கூட்டியே கணினி விடையைக் காட்டிவந்தது. இன்று அதைக் கழித்துவிடுவார்கள். சின்ன அறையில் கூட்டம் பிதுங்கியது. அண்ணன்கூட நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தான்.

கூடத்தின் தலைவர் பொத்தானை அழுத்தினார். எண் வந்தது.

தடிமன். சந்தேகமே இல்லாத தடிமன். தவறுக்கென்று தாராளமாக இடம் விட்டுப் பார்த்தாலும் அண்ணியின் எண் எட்டாத தூரத்தில் இருந்தது.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஈயக்காரி மட்டும் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷ உழைப்பு ஒரு நொடியில் பொய்யாகிவிட்டதே, அழுதுவிடுவாளோ என்று பயந்தாள். அண்ணி புருவத்தைச் சுருக்கினாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு அறை அதிரச் சிரித்தாள்.

"அடிப்பாவி! நெஜமாவே தடிமன்!"

"வாடி இங்க!" என்று ஈயக்காரி கத்திவிட்டாள், தலைவர் முன்னாலேயே. இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. அண்ணன் தன் பந்தயப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு கை தட்டினான்.

தலைவருக்குப் புரியவில்லை. "உங்க கணக்கு தப்பாப் போச்சேம்மா, வருத்தமா இல்லையா?"

"சரியா வந்திருந்தா நான் கடையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் சார். இப்ப பாருங்க, மேற்பரப்புல எனக்குத் தெரியாதது என்னவோ ஒளிஞ்சிருக்கு!" கண்கள் மின்ன அவள் சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போனாள். "வானத்துல நியூட்ரானாலயே ஆன நட்சத்திரம் இருக்கே, அதுவும் இதே சரக்குதானே. என் கணக்குல அதெல்லாம் ஒல்லியா இருந்துச்சு. இனிமே கொஞ்சம் பூசினாப்ல இருக்கும்."

அறை சிரித்தது. அண்ணி அதிலிருந்த தன் பழைய சமன்பாட்டைப் புறங்கையால் அழித்தாள். ஈயக்காரி கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்திப் பலகையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு, அடுத்து எதை அளக்கட்டும்?"

"கால்சியம்" என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமலே. "அதுக்குத் தோல் மெல்லிசுதான். எழுதித் தரேன்."

"கிழிச்ச. தடிமன்!"

பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் காப்பி வாங்கிவரக் கிளம்பினான்.